புதுக்கோழி வாங்கினால் ஒரு மாதம் பொறுங்கள்



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்தார். "ஐயா, வீட்டுல பத்துக் கோழி ஓடுது. இன்னும் ஆறு வாங்கலாம்னு இருக்கேன். கொண்டுவந்து அப்படியே கூட்டத்துல விட்டுரலாமுங்களா?" என்று கேட்டார். நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. "எழுதறேன் தம்பி, படிச்சுட்டு வாங்குங்க" என்றேன். அவர் இன்னும் வாங்கவில்லை என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. கோழிப்பண்ணைக் கடன் மனுக்கள் எத்தனையோ பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொட்டகையின் நீள அகலம், தீவனச் செலவு, தவணைக் காலம் எல்லாம் காகிதத்தில் அத்துப்படி. ஆனால் ஒரு கோழியைக் கையில் பிடித்துத் தூக்கியது ஓய்வு பெற்ற பிறகுதான். அரவக்குறிச்சிப் பக்கம் அப்பா விட்டுப்போன நாலரை ஏக்கரில் முருங்கையும் மானாவாரிச் சோளமும் வைத்தோம். முருங்கைக்கு அடியில் கோழி மேய்ந்தால் பூச்சியும் குறையும், எருவும் ஆகும் என்று நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தோம். மூன்று வருஷத்தில் பெட்டை 15, சேவல் 2, வளர்ந்த குஞ்சு 6, ஆக 23 உருப்படி சேர்ந்தது.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஐந்து கோழியால் போன முப்பது கோழி

ஒரு பங்குனி மாதம். பக்கத்து ஊர் வாரச்சந்தையில் ஐந்து விடைக்கோழிகள் பார்க்க லட்சணமாக இருந்தன. விலையும் சகாயம். வாங்கிச் சாக்குப்பையில் போட்டு, சாயங்காலமே என் கோழிகளோடு திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கொத்து, துரத்தல். இருட்டியதும் எல்லாம் கூண்டில் அடங்கிவிட்டன. "பரவாயில்லையே, சேர்ந்துக்கிச்சு" என்று வீட்டம்மாவிடம் பெருமை வேறு பேசினேன்.

ஆறாம் நாள் புதுக்கோழி ஒன்று இறக்கையைத் தொங்கப் போட்டு நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போனது. எட்டாம் நாள் செத்தது. வெயிலில் சுருண்டிருக்கும் என்று நினைத்து, தூக்கிக் குப்பைக்குழியில் போட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிடப் பெரியது.

அடுத்த பதினைந்து நாளில் என் பழைய கோழி 23-ல் 19 போய்விட்டன. சில வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறின. சில கழுத்தைத் திருகிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தன. கால்நடை மருந்தக டாக்டர் செத்த கோழியை அறுத்துப் பார்த்து, வெள்ளைக்கழிச்சல் என்றார். "வந்தபிறகு மருந்து இல்லீங்க சார். தடுப்பூசி போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். போடவில்லை. இயற்கை விவசாயிக்கு ஊசி எதற்கு என்று இருந்தவன் நான்.

இது என்னோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை இவ்வளவு வருத்தத்தோடு எழுத வேண்டியதில்லை. குப்பைக்குழியில் போட்ட கோழியை நாய் இழுத்துக்கொண்டு போய் பக்கத்துக் காட்டு ஆத்தாவின் வாசலில் போட்டிருக்கிறது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆன, தனியாக இருக்கும் மனுஷி. பதினோரு கோழி வைத்திருந்தார். முட்டை விற்ற காசில்தான் அவருடைய மாத்திரைச் செலவு ஓடியது. பதினொன்றும் போய்விட்டது.

நான் போய் நின்றபோது ஆத்தா திட்டவில்லை. "சந்தைக் கோழியப் பஞ்சாரத்துல கவுத்துத் தனியா வெக்கோணும்னு உனக்கு யாருஞ் சொல்லலையா சாமி? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

என் கோழி 19, ஆத்தாவின் கோழி 11. ஆக முப்பது. அதன்பிறகு ஆத்தாவிடமும், டாக்டரிடமும், அனுபவப்பட்ட பண்ணைக்காரர்களிடமும் கேட்டு, நானும் செய்து பார்த்து ஒரு முறையை வைத்திருக்கிறேன். 21 நாள் தனிமை, பத்து நாள் வலைக்குப் பின்னால், அப்புறம்தான் சேர்ப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாங்கும்போது

முதலில், சந்தைக் கோழியைவிடத் தெரிந்த வீட்டுக் கோழி நல்லது. சந்தையில் பத்து ஊர்க் கோழி ஒரே கூடையில் இருக்கும். காலையில் நல்லபடியாக வந்த கோழிகூட மத்தியானத்துக்குள் பக்கத்துக் கோழியிடமிருந்து நோயை வாங்கிக்கொள்ளும். தெரிந்த வீடு என்றால் இரண்டு கேள்வி கேட்கலாம். தடுப்பூசி எப்போது போட்டீர்கள்? இரண்டு மாதத்துக்குள் கோழி ஏதாவது செத்ததா? முடிந்தால் காலையில் கூண்டு திறக்கும் நேரத்துக்குப் போங்கள். நமக்குக் கொடுக்கப்போகும் கோழியை மட்டும் பார்க்காமல் மொத்தக் கூட்டத்தையும் பாருங்கள். திறந்ததும் எல்லாம் பாய்ந்து ஓடிவர வேண்டும். ஒன்றிரண்டு ஓரமாகக் கண்ணை மூடி நின்றால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

கையில் பிடித்துப் பார்க்க வேண்டியவை:

1. கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில் சளி, கண்ணோரம் நுரை கூடாது.
2. கோழியைக் காதருகே பிடித்து மூச்சைக் கேளுங்கள். கரகர சத்தம் வந்தால் வேண்டாம். நாட்பட்ட சளி நோய் தேறிய மாதிரித் தெரிந்தாலும் உள்ளுக்குள் தங்கி மற்றக் கோழிக்குப் பரவும்.
3. வால்பக்கம் இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கக் கூடாது.
4. மார்பெலும்பைத் தடவுங்கள். கத்தி போல் துருத்திக்கொண்டிருந்தால் கோழி மெலிந்திருக்கிறது.
5. இறக்கைக்கு அடியிலும் வால்பக்கமும் இறகை விலக்கிப் பேன், செள், உண்ணி பாருங்கள்.
6. கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் அம்மைக் கொப்புளம் இருக்கக் கூடாது.

எல்லாக் கோழியையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். ஒற்றைக் கோழி வாங்காதீர்கள். இரண்டு மூன்றாவது வேண்டும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

முதல் 21 நாள்: தனிமை

அதென்ன 21 கணக்கு? வெள்ளைக்கழிச்சல் கிருமி கோழி உடம்பில் புகுந்து நோயாக வெளியே தெரிய 2 நாளிலிருந்து 15 நாள் வரை ஆகும். பெரும்பாலும் ஐந்தாறு நாள். பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டி, உலக விலங்கு நல அமைப்பு இந்த நோய்க்கு 21 நாளைக் கணக்கில் வைத்திருக்கிறது. நம் ஆட்கள் ராணிக்கேட் என்றும் சொல்லும் நோய் இதுதான். உத்தரகாண்டில் இருக்கும் ராணிக்கேட் என்ற மலையூரின் பெயர் அது. நம் நாட்டில் 1920-களின் பின்பாதியில் அங்கேதான் முதலில் கண்டறிந்தார்கள்.

பயணம், புது இடம், புதுத் தீனி என்று அலைச்சல் பட்ட கோழிக்கு எதிர்ப்புச் சக்தி குறையும். உள்ளே மறைந்திருக்கும் நோய் அப்போதுதான் தலை காட்டும். அது நம் கூட்டத்துக்குள் தலை காட்டக் கூடாது, தனிக்கூண்டில் காட்டட்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இடம்: பழைய கூண்டிலிருந்து எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது. நான் கிணற்றடி மோட்டார் ரூமை ஒட்டி, நூறடிக்கு மேல் தள்ளி வைத்திருக்கிறேன். காற்று அங்கிருந்து பழைய கூண்டுப் பக்கம் அடிக்காத திசை. ஆறு கோழிக்கு ஆறடிக்கு நாலடி இடம், மேலே நிழல், உட்கார ஒரு கம்பு, காய்ந்த தரை இருந்தால் போதும். வீட்டில் இரண்டு கோழிதான் என்றால் பெரிய பஞ்சாரமே போதும். தினமும் இடத்தை மாற்றிக் கவிழ்த்து வையுங்கள்.

வேலை வரிசை: காலையில் முதலில் பழைய கோழி, கடைசியில் புதுக்கோழி. மாற்றிச் செய்யாதீர்கள். தண்ணீர்த் தட்டு, தீனித் தட்டு, விளக்குமாறு எல்லாம் தனி. செருப்பும் தனி. இந்தக் கிருமி எச்சத்தில்தான் அதிகம் இருக்கிறது. எச்சம் நம் செருப்படியில் ஒட்டிக்கொண்டு நடந்து வந்துவிடும். தனிக்கூண்டு வாசலில் சுண்ணாம்புத் தூள் தூவி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். பேரப்பிள்ளைகள் வந்தால் அந்தப் பக்கம் விடுவதில்லை.

தினம் மூன்று விஷயம் பாருங்கள்: எச்சம், தீனி எடுப்பது, மூச்சு. நான் பழைய டைரி ஒன்றில் தேதி போட்டு ஒரு வரி எழுதுகிறேன். வங்கிப் பழக்கம்! ஆனால் இது உதவும். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்று நாம் சொல்வதெல்லாம் பாதி நேரம் ஞாபகப் பிசகு.

பேன், செள் இருந்தால் அடுப்புச் சாம்பல், மணல், காய்ந்த வேப்பிலைத் தூள் கலந்து ஒரு தொட்டியில் வையுங்கள். கோழி தானே புரண்டு குளிக்கும். குடற்புழுவுக்கு எச்சத்தைக் கொஞ்சம் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிட்டு, அவர்கள் சொல்வதைக் கொடுக்கலாம்.

தடுப்பூசி பற்றி வெளிப்படையாக

நம்மில் சிலருக்குத் தடுப்பூசி என்றால் ஒவ்வாமை. எனக்கும் இருந்தது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நானும் செய்கிறேன். கோழி சுறுசுறுப்பாக இருக்கிறது. ஆனால் வெள்ளைக்கழிச்சலை அதை மட்டும் நம்பித் தடுக்க முடியும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இயற்கை வேளாண் சான்றளிப்பு விதிகளும் தடுப்பூசியை ஒதுக்கவில்லை. நோய் வரக்கூடிய பகுதியில், வேறு வழியில் கட்டுப்படுத்த முடியாதபோது போடலாம் என்றுதான் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வராத பகுதி நம் ஊரில் எங்கே இருக்கிறது?

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. ஊசி போடக் கோழியைப் பிடிக்க முடியாதவர்களுக்காக, தீனியோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. டாக்டரைக் கேளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தடுப்பூசி போட்ட கோழிக்கு நோய் தெரியாது, சாகாது. ஆனால் கிருமியைச் சுமந்து எச்சத்தில் வெளியேற்றக் கூடும். ஆகவே புதுக்கோழிக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று பழைய கோழியைச் சும்மா விடக் கூடாது. புதுசு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பழைய கூட்டத்துக்குப் போட்டு முடித்துவிடுங்கள். ஊசியின் பலன் உடம்பில் ஏற ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். புதுக்கோழிக்கு, வந்த களைப்புத் தீர்ந்து ஒரு வாரம் கழித்துப் போடலாம்.

தனிமையில் நோய் வந்தால்

வந்துவிட்டால் மூன்று காரியம். டாக்டரிடம் சொல்லுங்கள். அதிலும் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் தாமதிக்காதீர்கள், பறவைக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள். செத்ததை மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஓடையிலோ குப்பையிலோ எறியாதீர்கள். என் குப்பைக்குழி ஆத்தாவுக்குச் செய்ததை மறக்காதீர்கள்.

மூன்றாவது, வாடிய கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள். "போறதுக்குள்ள காசாக்கிரு" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். என்னிடம் வந்த ஐந்து கோழியும் அப்படி யாரோ தள்ளிவிட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். நாம் தள்ளினால் அது இன்னொரு ஆத்தாவின் வாசலுக்குத்தான் போகும்.

அடுத்த பத்து நாள்: வலைக்குப் பின்னால்

21 நாள் நல்லபடியாகக் கழிந்தால் பாதி வேலை முடிந்தது. இனி சண்டையைப் பார்ப்போம்.

கோழிக்கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டுக்காரர் தோர்லீஃப் ஷெல்டரப் எபே என்பவர் சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1920-களின் தொடக்கத்தில் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். கொத்தும் வரிசை என்று உலகம் பூராவும் இன்று சொல்வது அவர் கண்டதுதான். முதல் கோழி யாரையும் கொத்தும். கடைசிக் கோழி யாரையும் கொத்த முடியாது. வரிசை ஒருமுறை படிந்துவிட்டால் சண்டை குறைந்துவிடும், ஒரு முறைப்பிலேயே காரியம் முடியும். புதுக்கோழி உள்ளே வந்ததும் அந்த வரிசை கலைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. எங்கள் வங்கிக்குப் புது மேனேஜர் மாற்றலாகி வந்த முதல் வாரம் மாதிரிதான்!

இதைத் தடுக்க முடியாது. ஆனால் பாதியை வலைக்குப் பின்னாலேயே முடித்துவிடலாம். புதுக்கோழியின் கூண்டைப் பழைய கோழி மேயும் இடத்தில் கொண்டுவந்து வையுங்கள். நடுவில் கம்பிவலையோ மூங்கில் தட்டியோ இருக்கட்டும். பார்க்கலாம், கொக்கரிக்கலாம், கொத்த முடியாது. வலையின் இரண்டு பக்கமும் ஒட்டியபடி தீனி போடுங்கள். முதல் இரண்டு நாள் பழைய கோழிகள் வலையை முட்டும். நாலாம் நாள் கண்டுகொள்ளாமல் தின்னும்.

இங்கே ஒரு உபாயம். இந்தப் பத்து நாள் தொடங்கும்போது பழைய கூட்டத்திலிருந்து சாதுவான ஒரு பெட்டையை எடுத்துப் புதுக்கோழிகளோடு வலைக்குள் விடுங்கள். புதுசில் வெளியே தெரியாத நோய் ஏதும் ஒளிந்திருந்தால் அந்த ஒன்றில் தெரிந்துவிடும் வாய்ப்பு உண்டு. அது வாடினால் அப்படியே நிறுத்திக்கொள்ளலாம். இந்தச் சோதனை நம்பகமாக வேண்டுமென்றால், கூண்டை முதல் ஐந்தாறு நாள் மற்றக் கோழிகள் ஒட்டமுடியாத தூரத்தில் வைத்து, அப்புறம் பக்கத்தில் நகர்த்துங்கள். அது நல்லபடியாக இருந்தால் புதுசுகளுக்குப் பழைய கூட்டத்தில் ஒரு அறிமுகமும் ஆச்சு.

சேர்க்கும் நாள்

மழை நாள், ஊசி போட்ட வாரம், குஞ்சோடு தாய்க்கோழி மேயும் நேரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நான் செய்வது இது:

- பொழுது சாய்ந்து, பழைய கோழிகள் கம்பில் அடங்கியபிறகு, புதுசுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அதே கம்பில் உட்கார வைக்கிறேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டை வராது.
- இரவில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். விடிந்தால் தெரிந்துவிடும். ஆகவே விடிவதற்கு முன்பே போய்க் கூண்டைத் திறந்துவிடுங்கள். அடைந்த இடத்தில் ஓட வழியில்லாத கோழிதான் அடிபடுகிறது. திறந்த காட்டில் நாலு எட்டு ஓடினால் துரத்துவது நின்றுவிடும்.
- அன்றைக்குத் தீனியை ஒரே இடத்தில் வைக்காமல், கம்பையும் குருணையையும் பரவலாக இறைத்து விடுங்கள். தண்ணீரும் மூன்று இடத்தில் இருக்கட்டும். கரையான் சட்டி இரண்டு மூன்று தயார் செய்து அன்று திறந்துவிட்டால் எல்லோருடைய கவனமும் அதில் போய்விடும்.
- ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். சாய்த்து வைத்த தட்டி, வெட்டிப்போட்ட முருங்கைக் கிளை, கவிழ்த்த கூடை எதுவானாலும் சரி.
- கூண்டில் உட்காரும் கம்பு தாராளமாக இருக்கட்டும். கோழி ஒன்றுக்கு எட்டு அங்குலமாவது வேண்டும்.

ஒற்றைக் கோழி வாங்காதீர்கள் என்றேனே, காரணம் இதுதான். பத்துக்கோழி கொத்து ஒரே தலையில் விழும். மூன்று இருந்தால் பிரிந்துவிடும், ஒன்றுக்கொன்று துணையும் ஆகும். உருவமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும்.

சேவல் விஷயம் வேறு. பழைய சேவல் இருக்க, வளர்ந்த புதுச்சேவலை விட்டால் ஒன்று சாகும்வரை போகலாம், அசில் ரத்தம் கலந்திருந்தால் சொல்லவே வேண்டாம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மாற்ற வேண்டுமானால் பழையதை அப்புறப்படுத்தி ஒரு வாரம் கழித்துப் புதியதை விடுங்கள்.

எது வழக்கம், எது ஆபத்து

தலையில் ஒரு கொத்து, கொஞ்சதூரம் துரத்தல், தீனியிலிருந்து விரட்டுதல் எல்லாம் வழக்கம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். அதற்குள் நாம் குறுக்கே புகுந்து புகுந்து பிரித்தால் வரிசை படியாது.

ஆபத்து மூன்று. ரத்தம் வந்தால் உடனே அந்தக் கோழியைத் தூக்கிவிடுங்கள். சிவப்பைக் கண்டால் கோழிகள் விடாது, கூடிக் கொத்தியே கொன்றுவிடும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, புண் ஆறியபிறகு விடுங்கள். இரண்டாவது, புதுக்கோழி கம்பை விட்டு இறங்காமலே இருப்பது. மூன்றாவது, பட்டினி. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாயங்காலம் கூண்டில் அடைந்ததும் ஒவ்வொரு புதுக்கோழிக்கும் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து கெட்டியாக இருந்தால் சரி. காலியாக இருந்தால் பகலில் யாரோ தின்ன விடவில்லை.

அப்படிக் கொடுமை பண்ணுவது பெரும்பாலும் ஒரே ஒரு கோழியாகத்தான் இருக்கும். அடிபடுவதைப் பிரிக்காதீர்கள், அடிக்கிறதைப் பிடித்து மூன்று நாலு நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது அதன் வரிசை இறங்கியிருக்கும். வீராப்பு குறைந்துவிடும்.

குஞ்சாக இருந்தால்

வாங்கிய குஞ்சைப் பெரிய கோழியோடு நேரடியாக விடக் கூடாது. கொத்து ஒருபக்கம், பெரிய கோழி புழங்கிய ஈரத்தரையில் ரத்தக்கழிச்சல் கிருமி இருக்கும், குஞ்சு தாங்காது. மூன்று நாலு மாதம் தனியே வளர்த்து, ஓரளவு உடம்பு பிடித்தபிறகு மேலே சொன்ன மாதிரி சேர்க்கலாம்.

அடைக்கோழி இருந்தால் சுலபம். இரண்டு வாரத்துக்கு மேல் அடை உட்கார்ந்த கோழிக்கு, பிறந்து ஒன்றிரண்டு நாள் ஆன குஞ்சுகளை இரவில் ஒவ்வொன்றாக அடியில் வைத்து, அடியிலிருக்கும் முட்டையை எடுத்துவிடுங்கள். காலையில் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிடும். விடிந்ததும் கூடவே நின்று பாருங்கள். சில கோழி ஏற்காது, கொத்தும்.

புது ரத்தம்தான் வேண்டுமென்றால் இன்னும் பாதுகாப்பான வழி, தெரிந்த வீட்டில் கருமுட்டை வாங்கி நம் கோழியிலேயே அடைவைப்பது. முட்டை வழியாகவும் சில நோய் வரும். ஆனாலும் வளர்ந்த கோழியைவிட ஆபத்து குறைவு. குஞ்சு தாயோடு வளர்வதால் கூட்டத்தில் சேர்க்கும் பிரச்சினையே இல்லை.

ஒரு மாதத்துக்கு என்ன செலவு?

கோழிக்கு நாளைக்கு 80 கிராம் தீனி என்று வைத்தால், ஆறு கோழிக்கு 31 நாளில் ஏறக்குறைய 15 கிலோ. கம்பு, சோளம், குருணை கலந்து எனக்கு 450 ரூபாய்க்குள் ஆயிற்று. வலையும் மூங்கிலும் வீட்டில் கிடந்தவை. மறுபக்கம், எனக்குப் போன 19 கோழியை அன்றைக்கு ஒன்று 400 என்று போட்டாலே 7,600 ரூபாய். ஆத்தாவுக்குப் போனது 4,400. ஆக 12,000. முட்டைக் கணக்கு இதில் இல்லை. நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு கடனுக்கும் கையெழுத்துப் போடாத ஆள் நான். ஐந்து கோழி விஷயத்தில் ஒருநாள் பொறுமை இல்லாமல் போய்விட்டது.

ஆத்தாவிடம் காசு கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. "காசு வேண்டாஞ் சாமி. உன்ற கோழி பெருகினா எனக்குக் கோழியாக் குடு" என்றார். மிஞ்சிய நாலு கோழியிலிருந்து மறுபடி ஆரம்பித்து, அடுத்த வருஷம் தடுப்பூசி போட்ட ஆறு விடைக்கோழி கொண்டுபோனேன். அதற்குள் ஆத்தாவுக்கு மகள் வீட்டிலிருந்து மூன்று கோழி வந்திருந்தது. என்னுடைய ஆறையும் வாங்கி, அந்த மூன்றும் மேயாத காட்டுக்கோடி வேப்பமரத்தடியில் பஞ்சாரத்தைக் கவிழ்த்தார்.

"நம்ம கோழிதானே ஆத்தா, ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றேன்.

"உன்ற கோழின்னாலும் என்ற கோழிக்குப் புதுசு சாமி" என்றார்.

தம்பி, இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். முதலில் தனிக்கூண்டைப் போட்டு வையுங்கள், அப்புறம் கோழியைப் பார்க்கப் போங்கள். சேர்த்து முடித்தபிறகு எப்படி நடந்தது என்று கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். உங்கள் ஊரில் வேறு முறை ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன்.